கோல் வித்தியாசம்

எத்திராஜ் சார் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை.
காட்பாடியில் புது வேலை,
புல் வளர்ந்த மைதானம், இரண்டு மடங்கு சம்பளம்.
விசிலை ஆணியில் மாட்டினார்.
பந்துகளை எண்ணிக் கையெழுத்திட்டார்: பதினொன்று,
அதில் நாலில் காற்று நிற்காது.
அதையும் எழுதினார்.
"லீக்கில இன்னும் ரெண்டு மேட்ச் கீதே சார்" என்றான் யோபு.
அவர் வண்டி ஸ்டாண்டை
இரண்டு தரம் தட்டினார்,
அது முதல் தட்டிலேயே ஏறிவிட்டிருந்தது.

வந்தவர் பூங்காவனம் மேடம்.
போளூர்க்காரர். கோ-கோ ஆடியவர்.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று
எங்களையே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.
இம்தியாஸ் ஷூவைக் கழற்றிப் பைக்குள் போட்டான்,
அன்றைக்குப் பயிற்சி தொடங்கியே இருக்கவில்லை.

ராணிப்பேட்டையில் எங்கள் மைதானத்தை
மைதானம் என்று கல்லூரி மலரில் மட்டும்தான் சொல்வார்கள்.
பந்து ஓட்டின் மேல் விழுந்த மாதிரி எகிறும்.
மேற்குக் கம்பத்தில் நிற்கும் எனக்கு
சாயங்காலமானால் தோல் ஷெட் வாடை.
எதிரணிக்காரன் மூக்கைப் பொத்துவான்.
நாங்கள் பொத்துவதில்லை,
அப்பாக்களின் சட்டை வாசம் அது.

முதல் ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தோம்,
வாணியம்பாடிப் பையன் ஒருவன்
தன் கோலிலேயே தலையால் முட்டியதில்.
கணக்கு மூன்றாமாண்டு தணிகாசலம்
கரும்பலகையில் போட்டுக் காட்டினான்:
கடைசி ஆட்டம் காட்பாடியோடு, எத்திராஜ் சாரோடு.
ஜெயித்தால் போதாது,
இரண்டு கோலில் ஜெயிக்க வேண்டும்.
அவர்கள் இந்த லீக் முழுக்க வாங்கியதே இரண்டு.
சாக்பீஸை வைத்துவிட்டுக் கையை உதறினான்.

மேடத்துக்கு ஆரணி பஸ்ஸில் தினமும் நெடும்பயணம்.
ஒன்றும் தெரியாததால் எல்லாவற்றையும் படித்தார்.
போட்டி விதிகளின் மங்கிய ஜெராக்ஸ்,
பதினெட்டுப் பக்கம்,
ஓரமெல்லாம் வடை எண்ணெய்.

இடைவேளை. பூஜ்யம், பூஜ்யம்.
புல்லுக்குப் பழகாத கால்கள் வழுக்கி
நாங்கள் பாதி நேரம் உட்கார்ந்தே ஆடியிருந்தோம்.
மேடம் எங்களைக் குனியச் சொன்னார்.
"பதினாலாவது விதி. போன வருசம் மாத்திட்டாங்க.
பாயிண்ட் சமமா இருந்தா
ரெண்டு பேரும் மோதின ஆட்டந்தான் மொதல்ல,
கோல் வித்தியாசம் அப்புறம்.
நேத்து ராத்திரி செயலாளருக்கு போன் போட்டும் கேட்டேன்.
ஒரு கோல் போதும். வாயத் தொறக்காதீங்க."
தணிகாசலம் மட்டும் அந்தத் தாளை வாங்கி
இரண்டு முறை படித்தான்.

அறுபத்தெட்டாம் நிமிடம்
யோபுவின் முழங்காலில் பட்டு உள்ளே போனது.
அவன் உதைக்க நினைத்தது வேறு காலால்.

அதற்குப் பிறகு நடந்ததை
ஆட்டம் என்று சொல்லலாமா தெரியவில்லை.
நாங்கள் பின்வாங்கினோம். அவர்களும் பின்வாங்கினார்கள்.
எத்திராஜ் சார் இரு கையாலும்
காற்றை அமுக்கி அமுக்கிக் காட்டினார்,
நிதானம், நிதானம்,
ஒரு கோலில் தோற்றால் தோல்வியில்லை.
அவர் பையன் த்ரோ எறிய இருபது விநாடி எடுத்தான்.
எடுத்துக்கடா தம்பி, நாற்பதும் எடு.
நடுக்கோட்டில் பந்து
முடிந்துபோன கல்யாணத்தின் பத்திரிகை மாதிரி
யாருக்கும் வேண்டாமல் கிடந்தது.

எனக்கு வேலையே இல்லை.
முதன்முறையாக அவரை நிதானமாய்ப் பார்த்தேன்.
அதே தொப்பி. காதில் அதே பேனா.
முதல் வருஷம் நான் வெயிலில் சுருண்டபோது
உப்புத் தண்ணீர் ஊற்றிய கை.
ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.

விசில்.
இரண்டு பக்கமும் குதித்தார்கள்.
ரெஃபரி யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் வாட்சைப் பார்த்தார்.
சார் நேராக என்னிடம் வந்தார்,
முகமெல்லாம் சந்தோஷம், நெசமான சந்தோஷம்.
"எங்களயே ஜெயிச்சிட்டீங்களேடா!
கவலப்படாத, அடுத்த வருசம் செமிக்கு வருவீங்க."

என் க்ளவுஸ் ஈரம். அவர் கையை விடவில்லை.
கோட்டுக்கு வெளியே மேடம்
ஜெராக்ஸை நான்காய் மடித்துக்கொண்டிருந்தார்.

"வரோம் சார்" என்றேன்.